காலைக் காட்சிப் பிள்ளைகள்

ஆயர் ஈத்தாம் பிளாட்டில் எந்த வீட்டுப் பிள்ளை அடங்காமல் கத்தினாலும், "குமுதா பிள்ளைங்களப் பாத்துக் கத்துக்க" என்ற பேச்சு வந்துவிடும். கோகுலனுக்குப் பத்து வயது. கவித்திராவுக்கு ஏழு. இருவரும் படியிறங்கினால் பூனை இறங்குவது போலிருக்கும். லிஃப்டில் யாராவது பெயர் கேட்டால் வாய் அசைவது தெரியும், பெயர் காதில் விழாது.

குமுதாவுக்கு அதில் பெருமைதான். அது தானாக வந்ததல்ல. கணவன் கார்த்திகேசு பட்டர்வொர்த் துறைமுகத்தில் கொள்கலன் இழுக்கும் லோரி ஓட்டுகிறான். பல வருடங்களாக இரவு வேலை. சாயங்காலம் மோட்டார் சைக்கிளோடு ஃபெரியில் ஏறினால் மறுநாள் காலையில்தான் திரும்புவான். குளித்து, சோறு தின்று, அறைக் கதவைச் சாத்தினான் என்றால் பொழுது சாயும்வரை அவன் தூக்கம்தான் அந்த வீட்டின் சட்டம்.

கவித்திரா கைக்குழந்தையாக இருந்தபோது ஒருநாள் அவன் முகம் வெளுத்துப்போய் வீடு வந்தான். விடியப்போகும் நேரத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கண் செருகிவிட்டதாம். கண்ணைத் திறந்தபோது லோரி கடலுக்கு ஒரு கை தூரத்தில் நின்றிருந்ததாம். அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே குழந்தை வீறிட்டது. கோகுலன் சட்டிமூடியைத் தரையில் தட்டினான். "நான் செத்தாத்தான் இந்த வீடு அடங்குமா?" என்று கார்த்திகேசு கத்தினான். அப்புறம் போய்ப் படுத்துக்கொண்டான்.

குமுதாவுக்கு அன்று வயிற்றில் விழுந்த பயம் பிறகு எழுந்து போகவேயில்லை. கதவுக் கீல்களுக்கெல்லாம் தேங்காயெண்ணெய் விட்டாள். விசில் அடிக்கிறது என்று குக்கரைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுச் சட்டியிலேயே பருப்பு வேகவைத்தாள். நாற்காலிக் கால்களுக்குப் பழைய காலுறை மாட்டினாள். டிவியைச் சத்தமில்லாமல் பார்க்கப் பிள்ளைகளைப் பழக்கினாள். தண்ணீர் வேண்டுமென்றால் ஒரு விரல், பசித்தால் வயிற்றில் கை. அப்பா வேலைக்குக் கிளம்பிப்போன பிறகும் அந்த அடக்கம் வீட்டை விட்டுப் போகவில்லை. ஈரத்துணி மாதிரி சுவரில் ஒட்டிக்கொண்டே கிடந்தது.

பள்ளிக்கூட நாட்களில் பிரச்சினை இல்லை. பள்ளி விட்டதும் எதிர்வீட்டு சலேஹா அக்கா பார்த்துக்கொள்வார். இந்த வருடம் சலேஹா அக்கா மகளின் பிரசவத்துக்கென்று கூலிம் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். ஆண்டுக் கடைசி விடுமுறை வந்தது. முதல் நாள், அப்பா உள்ளே தூங்குகிறார் என்ற நம்பிக்கையில் பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு குமுதா வேலைக்குப் போனாள். மதியம் பாசாரில் காய்கறி விற்கும் பெண் ஃபோன் போட்டாள். "அக்கா, உங்க பிள்ளைங்க ரெண்டு பேரும் ஆத்தோரமா நிக்கிறாங்க. தண்ணி ரொம்ப ஏறியிருக்கு. நான் புடிச்சி வச்சிருக்கேன், வாங்க."

இரண்டு நாளாக விடாத மழை. ஆறு தேத்தண்ணி நிறத்தில் கரையை முட்டிக்கொண்டு ஓடியது. எதற்குப் போனீர்கள் என்று குமுதா எத்தனை முறை கேட்டும் இருவரும் தரையைப் பார்த்தார்களே தவிர வாயைத் திறக்கவில்லை. கார்த்திகேசுவிடம் சொன்னால் அவன் தூங்கமாட்டான் என்று குமுதாவும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து பிள்ளைகளைத் தன்னோடு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டாள்.

குமுதா வேலை செய்வது டவுனில் ஒரு பேரங்காடியின் கீழ்த்தளத்தில், சந்திரிகா அக்காவின் துணி ஆல்டரேஷன் கடையில். மூன்று தையல் இயந்திரம், ஒரு நீராவி இஸ்திரி, துணி மாற்றிப் பார்க்க ஒரு திரை. அவ்வளவுதான் கடை. பக்கத்தில் செருப்புத் தைத்துச் சாவி வெட்டும் கடை. ஆண்டுக் கடைசி என்றால் பள்ளிச் சீருடைக் காலம். நீல பினஃபோர், நீலக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை என்று மூட்டை மூட்டையாக வரும். தாய்மார்கள் எல்லோருமே பிள்ளை வளரும் என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கிவிட்டு, "உள்ள நல்லா மடிச்சித் தைச்சிடுங்க, அடுத்த வருசம் பிரிச்சி விடணும்" என்பார்கள். நாலு விரல் அகலம் மடித்து, வெளியே தெரியாமல் ஊசி போடவேண்டும். அதில் குமுதாவின் கை சுத்தம்.

காலையில் பிள்ளைகள் துணி மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார்கள். பத்து மணியிலிருந்து உச்சிப்பொழுதுவரை கூட்டத்தில் கால்வைக்க இடமிருக்காது. சுடும் இஸ்திரி ஒரு பக்கம், கத்தரி ஒரு பக்கம். என்ன செய்வது என்று குமுதா முழித்துக்கொண்டிருந்தபோதுதான் ரொஸ்னா வழி சொன்னாள். மேல்மாடித் தியேட்டரில் டிக்கெட் கிழிக்கும் பெண் அவள். சீருடைக் கால்சட்டையின் இடுப்பைப் பிடிக்கக் கொண்டுவந்ததில் பழக்கம்.

"காலைக் காட்சிக்கு ஈ காக்கா இருக்காதுக்கா. தமிழ்ல ஒரு யானைப் படம் ஓடுது. சின்னப்பிள்ளைங்க படம்தான். உள்ள உக்கார வச்சிட்டுப் போங்க. நான் வாசல்லதான நிக்கிறேன்."

குமுதாவுக்கு அது கோயில் வரம் மாதிரி பட்டது. இருட்டு அறை, ஒரே கதவு, கதவில் தெரிந்த முகம். பிள்ளைகள் செய்யவேண்டியது வாயை மூடி உட்காருவது ஒன்றுதான். அதில் அவள் பிள்ளைகளை யாரும் மிஞ்சமுடியாது. இரண்டு சின்னப்பிள்ளை டிக்கெட் எடுத்து, மிலோ போத்தலையும் பிஸ்கட் பொட்டலத்தையும் கொடுத்து அனுப்பினாள். நாள் தவறாமல் அதே யானைப் படம். அலுக்கவில்லையா என்று கேட்டால் இருவரும் வேகமாகத் தலையாட்டினார்கள்.

ஒருநாள் குமுதா பினஃபோர் ஒன்றின் விளிம்பை மடித்துக்கொண்டிருந்தபோது ரொஸ்னா கீழே இறங்கி வந்தாள். இடுப்பில் வாக்கிடாக்கி கரகரத்தது.

"அக்கா, ஒரு விசயம். கோச்சிக்கக் கூடாது."

"என்ன, மறுபடி இடுப்பு லூசா போச்சா? தின்னுடீ கொஞ்சம்."

"அது இல்லக்கா. பிள்ளைங்க. ரொம்பச் சத்தம் போடுதுங்க."

குமுதா ஊசியை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தாள். "யாரு, கோகுலனா? நீ வேற யார் பிள்ளையையோ பாத்திருக்க."

"அதுங்க தும்முனாகூட அம்மாக்கிட்ட பர்மிஷன் வாங்கிட்டுத்தான் தும்மும்" என்றார் சந்திரிகா அக்கா இயந்திரத்தை நிறுத்தாமல்.

"நானும் ஆரம்பத்துல நம்பலக்கா. படம் அவங்களுக்கு மனப்பாடம் ஆயிடுச்சி. வில்லன் வாயத் தொறக்கிறதுக்கு முன்னாடி இவங்க டயலாக்க சொல்லிடுறாங்க. ஜோக்குக்கு முன்னாடியே சிரிக்கிறாங்க. யானை வர்றதுக்கு முன்னாடி இவங்க பிளிறுறாங்க. சீட்டு மேல ஏறி நின்னு! போன வாரமே ஒரு அக்கா கம்ப்ளெய்ன் பண்ணாங்க. இன்னிக்கு மறுபடி."

"பொய் சொல்றாங்க."

"ஏன்க்கா பொய் சொல்லணும்? மேனேஜரு என்னைத்தான் ஏசுனாரு, பெரியவங்க இல்லாம ஏன் விட்டேன்னு. நாளையிலேருந்து முடியாதுன்னுட்டாரு."

குமுதா துணியை அப்படியே போட்டுவிட்டு மேலே ஏறினாள். மேனேஜர் ஸுல்கிஃப்லி சோளப்பொரி கவுண்டருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவள் பிள்ளைகளைப் பற்றி, அவர்கள் வளர்ப்பைப் பற்றி, பிளாட்டில் வந்து யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம் என்பதைப் பற்றி மூச்சுவிடாமல் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அக்கா, இது தியேட்டர். பிள்ள பாத்துக்குற இடம் இல்ல. உள்ள அதுங்களுக்கு ஒண்ணு ஆச்சின்னா நான் யாருக்குப் பதில் சொல்றது?"

"சும்மா உக்காந்திருக்கிற பிள்ளைக்கு என்ன ஆவும்?"

"சும்மா உக்காந்திருந்தா நான் ஏன் பேசப் போறேன்?" என்றார் அவர். "சரி, ஒண்ணு செய்ங்க. நாளைக்கு நீங்களே வந்து பின்னால உக்காந்து பாருங்க. அவங்களுக்குத் தெரிய வேணாம். பாத்துட்டு நீங்களே சொல்லுங்க லா."

அன்று பஸ்ஸில் திரும்பும்போது குமுதா ஒன்றும் கேட்கவில்லை. கவித்திரா ஜன்னல் கண்ணாடியில் விரலால் யானை வரைந்துகொண்டு வந்தாள். பிள்ளைகளை இனி வைக்க இடமில்லை என்றால் வேலையை விடவேண்டியதுதான். வீட்டில் விட்டால் ஆறு இருக்கிறது. கூட்டிப்போனால் இடமில்லை. எப்படிக் கூட்டிக் கழித்தாலும் அவ்வளவுதான் வந்தது.

மறுநாள் சந்திரிகா அக்காவிடம் சொல்லிவிட்டு, விளக்கணைந்த பிறகு உள்ளே நுழைந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். கலியாணமான புதிதில் கார்த்திகேசுவோடு வந்ததற்கப்புறம் தியேட்டருக்குள் அவள் காலெடுத்து வைத்ததில்லை. குளிர் காலைக் கடித்தது. ஆள் அதிகமில்லை. ஓரத்தில் இரண்டு வயசாளிகள். ஒரு காலேஜ் ஜோடி. நடு வரிசையில் முக்காடு போட்ட பெண் ஒருத்தி செருப்பைக் கழற்றிவிட்டு, காலை மடக்கிச் சாய்ந்திருந்தாள். முன்னால், வெள்ளைத்திரையின் வெளிச்சத்தில், இரண்டு சின்னத் தலைகள்.

படம் ஆரம்பித்தது. காடு, மழை, ஒரு பாகன், அவன் மகள். பிள்ளைகள் அசையவில்லை. குமுதா மனதுக்குள் ஸுல்கிஃப்லிக்குச் சொல்லவேண்டிய நாலு வார்த்தையைத் தயார் செய்துகொண்டிருந்தாள். மரக் கடத்தல்காரன் ஜீப்பிலிருந்து காலைக் கீழே வைத்தான்.

"இந்தக் காட்டுல என்னைக் கேக்காம ஒரு இலை விழாது!"

திரையிலிருந்து வரவில்லை அது. அடுத்த நொடிதான் திரையில் அவன் அதையே சொன்னான். முன்வரிசையில் சிரிப்பு வெடித்தது.

யார் குரல் என்று குமுதாவுக்கு உடனே பிடிபடவில்லை. லேசான கரகரப்பு. தைப்பூசத்தன்று தண்ணீர்மலை அடிவாரத்தில் காவடிக்கு முன்னால் கார்த்திகேசு வேல் வேல் என்று கூவும்போது வருமே, அதே கரகரப்பு. கோகுலன்தான். அவனுக்கு அப்பன் தொண்டை வந்திருப்பது அவளுக்குத் தெரியாது. கவித்திராவின் சிரிப்பு வயிற்றிலிருந்து உருண்டு வந்து, கடைசியில் ஒரு விக்கலில் முடிந்தது. பிறகு மறுபடி உருண்டது. பெற்று ஏழு வருடம் வளர்த்த பிள்ளை சிரித்தால் எப்படியிருக்கும் என்று குமுதா அந்த இருட்டில்தான் தெரிந்துகொண்டாள்.

எழுந்து போயிருக்கவேண்டும். போகவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று உட்கார்ந்திருந்தாள். யானை வந்தது. பிள்ளைகள் நாற்காலிமேல் ஏறி நின்று பிளிறினார்கள். கவித்திரா கையைத் தும்பிக்கையாக்கி ஆட்டினாள். ஒரு வயசாளி "ஏய், உக்காருங்க" என்றார். முக்காடு போட்ட பெண் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். கடைசியில் குனிந்து செருப்பை மாட்டி, பையை எடுத்துத் தோளில் போட்டாள்.

அந்தப் பை தோளில் ஏறியதைப் பார்த்த பிறகுதான் குமுதாவின் கால் நகர்ந்தது. இருட்டில் படிகளைத் தடவி இறங்கி, கோகுலன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவளைப் பார்த்ததும் அவன் உடம்பு சுருங்கிக் கீழே இறங்கியது. நொடியில் அவள் வீட்டுப் பிள்ளை ஆகிவிட்டான்.

"வாய மூடு" என்றாள்.

"இங்கயுமாம்மா?" என்றான் அவன். காற்றுக்குக்கூடக் கேட்டிருக்காது.

இருவர் கையையும் பிடித்து வெளியே கூட்டிவந்தாள்.

வெளியே அந்த முக்காடு போட்ட பெண் சுவரில் சாய்ந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றிருந்தாள். குமுதா வயதுதான் இருக்கும்.

"நீங்கதான் அம்மாவா?"

"ஆமாக்கா. மன்னிச்சிக்கங்க."

"அம்மான்னு ஒருத்தங்க இருக்காங்களா இல்ல யானதான் பெத்துச்சான்னு ரொஸ்னாகிட்ட கேட்டுக்கிட்டு இருந்தேன்." கோபம் இருந்தது, ஆனால் கோபத்தைக் கொண்டுசெலுத்தத் தெம்பில்லாத குரல். அவள் பெயர் காமாரியா என்றும், ஆஸ்பத்திரியில் தாதி என்றும், இரவு டியூட்டி முடித்து நேரே இங்கே வருகிறாள் என்றும் ரொஸ்னா மெதுவாகச் சொன்னாள்.

"வீட்டுக்குப் போயி தூங்கலாம்லக்கா?" என்றாள் குமுதா. கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"வீட்டுலயா? நாலு பிள்ளைங்க, மாமியார். பள்ளிக்கூட சூத்தி வேற, லீவுன்னு எல்லாம் வீட்டுலதான். ஆளுக்கொரு தடவ அம்மா அம்மான்னு கூப்பிட்டா போதும், தூக்கம் போச்சி. வார்டுலயும் ராத்திரி பூரா சிஸ்டர் சிஸ்டர். அதான் வேல முடிஞ்ச அன்னிக்கு இங்க வர்றேன். படம் என்ன படம்னு எனக்கென்ன? ரெண்டு மணி நேரம் இருட்டுல தூங்குவேன்."

"இவ்வளவு சத்தத்துலயா?"

"படத்துச் சத்தம் என்னைக் கூப்பிடாதுல்ல. வெடிகுண்டு போட்டாலும் தூங்குவேன். ஆனா பிள்ளைங்க குரல் கேட்டா ஒடம்பு தூக்கிப் போடுது, நம்ம பிள்ளையோன்னு."

"எங்க வீட்டுக்காரரும் ராத்திரி வேலதான். அதனாலதான் வீட்டுல மூச்சு விடமாட்டாங்க."

காமாரியா பிள்ளைகளைப் பார்த்தாள். பிறகு குமுதாவைப் பார்த்தாள். "ஓ. உங்க வீட்டுக்காரர் தூங்குறதுக்கு என் தூக்கத்தப் புடுங்கினா எப்படிக்கா?"

குமுதா பிள்ளைகளை முன்னால் தள்ளினாள். கவித்திரா ஏதோ முணுமுணுத்தாள்.

"என்ன? உள்ள அவ்ளோ கத்துன, இப்ப வாயில பிளாஸ்டரா?"

"சாரி ஆன்ட்டி!" என்றாள் கவித்திரா. அது தேவைக்குமேல் உரக்க வந்துவிட்டது. சோளப்பொரிக் கவுண்டர் வரைக்கும் திரும்பிப் பார்த்தார்கள். காமாரியாவின் வாயோரம் லேசாக அசைந்தது.

"தப்பு என்னோடதுக்கா" என்றாள் குமுதா. "நான்தான் கதவுக்குள்ள தள்ளிவிட்டுட்டுப் போனேன். இனி வந்தா நான் பக்கத்துல உக்காந்திருப்பேன்."

"நாலு நாள் பாவம் பாத்து ஒண்ணும் சொல்லாம இருந்துட்டுத்தான் மேனேஜர்கிட்ட போனேன்" என்று சொல்லிவிட்டு காமாரியா மறுபடி உள்ளே போனாள். மிச்சப் படத்தையாவது தூங்கித் தீர்க்கவேண்டும் என்று முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

சாயங்காலம் வீடு வந்தபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. கார்த்திகேசு எழுந்து, மழைக்கோட்டை நாற்காலியில் போட்டுவிட்டு தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான். கண்ணுக்கடியில் கருவளையம். காலையில் வைத்துவிட்டுப் போன கெம்போங் மீன் குழம்பில் பாதி அப்படியே இருந்தது. பிள்ளைகள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே நழுவினார்கள்.

"நான் வேலைய விட்டுடுறேங்க" என்றாள் குமுதா.

"ஏன், சந்திரிகாக்கா ஏதும் சொன்னாங்களா?"

ஆறு, தியேட்டர், காமாரியா, எல்லாவற்றையும் சொன்னாள். ஆற்றைச் சொன்னபோது அவன் கோப்பையைக் கீழே வைத்தான். திட்டுவான் என்று காத்திருந்தாள். அவன் கேட்டது வேறு.

"கோகுலனா கத்துனான்?"

"ஆமா."

"எப்படிக் கத்துனான்?"

"எப்படின்னா? வாயாலதான்."

"இல்ல, எப்படின்னு கேக்குறேன். நீ கேட்டியா?"

"உங்க தொண்ட மாதிரியே இருக்கு. தைப்பூசத்துல கூவுவீங்களே, அப்படி."

"என்கிட்ட அவன் முழுசா ஒரு பேச்சு பேசி நான் கேட்டதில்ல. ஏதாச்சும் கேட்டா தலைய ஆட்டுவான். பாப்பாவும் அப்படித்தான். என்னைக் கண்டா பிள்ளைங்களுக்குப் பயம்னு நெனச்சிக்கிட்டு இருக்கேன் நான்."

"பயமா? நீங்க தூங்கணும்னுதானங்க."

"நான் சொன்னேனா?"

"சொன்னீங்களே. லோரி கடலுக்குப் போவப் பாத்த அன்னிக்கு. நான் செத்தாத்தான் அடங்குமான்னு."

அவனுக்கு அந்த நாள் நினைவுக்கு வரக் கொஞ்சம் நேரமாயிற்று. "அட, அன்னிக்கு எனக்கு உசுரே கையில இல்ல. பயத்துல கத்துனேன். அதையா இத்தன வருசமா?" அவன் தலையைச் சொறிந்துகொண்டான். "குமுதா, நான் எங்க தூங்குறவன்னு தெரியுமா உனக்கு? ரெஸ்ட் டைம்ல லோரிக்குள்ளயே படுப்பேன். தலைக்கு மேல கிரேன் பெட்டிய எறக்கும், டமால்னு. எழுந்திருக்க மாட்டேன். சத்தம் நின்னாத்தான் முழிப்பு வரும். என்னமோ ஆயிடுச்சின்னு."

"அப்ப வீட்டுல?"

"வீட்டுல எங்க தூங்குறது? சுடுகாடு மாதிரி இருக்கும். பாதி நாள் கண்ண மூடிக்கிட்டுப் படுத்திருப்பேன். கதவுக்கு வெளிய நீங்க மூணு பேரும் மூச்ச அடக்கிக்கிட்டு நிக்கிறது எனக்குத் தெரியும். அப்புறம் எப்படித் தூக்கம் வரும்?"

குமுதா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். "ஏங்க சொல்லல?"

"எண்ணெ போட்டு, சாக்ஸ் மாட்டி, நீ அவ்ளோ பாடுபட்டுச் செய்யிற. எப்படிச் சொல்றது?"

சிரிப்பதா அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் வந்தது.

கார்த்திகேசு பிள்ளைகளைக் கூப்பிட்டான். இருவரும் வந்து சுவரோரம் நின்றார்கள்.

"ஆத்துக்கு எதுக்குடா தம்பி போனீங்க? ஏச மாட்டேன், சொல்லு."

கோகுலன் அம்மாவைப் பார்த்தான். "மழ பேஞ்சா ஆறு சத்தம் போடும்பா" என்றான் மெல்லிய குரலில். "நாங்க கத்துனா யாருக்கும் கேக்காது. அதான்."

அம்மாவும் அப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. கார்த்திகேசு கேட்டான், "அந்த யானப் படத்துல வில்லன் என்னமோ சொல்வானாமே. எனக்குச் சொல்லிக்காட்டு."

கோகுலன் மறுபடி அம்மாவைப் பார்த்தான். குமுதா தலையசைத்தாள். அவன் எச்சில் விழுங்கினான். பிறகு ஜீப்பிலிருந்து இறங்குவது போல ஒரு காலை முன்னே வைத்து, வாய் திறந்தான்.

நடைபாதையில் பக்கத்துவீட்டுக் கதவு படாரென்று திறந்தது. "குமுதாக்கா! என்னாச்சி? யாரு உங்க வீட்டுல?"

"ஒண்ணுமில்ல, மகன்தான் பேசுறான்" என்றான் கார்த்திகேசு. சிரித்துச் சிரித்து அவனுக்குத் தேத்தண்ணி புரைக்கேறிவிட்டது. கவித்திரா ஓடிவந்து அவன் தலையில் தட்டினாள்.

கிளம்புமுன் அவன் சொன்னான். "நாளையிலேருந்து வீட்டுலயே இருக்கட்டும். ரூம்ல வேணாம், நான் ஹால்ல பாய் போட்டு வாசல அடைச்சிப் படுத்துக்கிறேன். என்னைத் தாண்டாம யாரும் வெளிய போவ முடியாது. அவங்க பாட்டுக்கு வெளையாடட்டும்."

"தூக்கம் வரலன்னா? லோரி ஓட்டணும் நீங்க."

"வரலன்னா ஒளிக்காம சொல்றேன். அன்னிக்கு வேலைக்குப் போவல, லீவு போட்டுடுறேன். அப்புறம் வேற வழி பாப்போம். உன் தைக்கிற வேலைய எதுக்கு விடுற?"

"தியேட்டர்?"

"என் சூத்தி அன்னிக்கு நாலு பேருமா போவோம். வேற படம். அங்க வாயத் தொறந்தா அலாக்கா தூக்கிக்கிட்டு வெளிய வந்துடுவேன். கேட்டுச்சா?"

இருவரும் தலையாட்டினார்கள். "வாயத் தொறந்து சொல்லுங்க" என்றாள் குமுதா. "வீட்டுல கத்தலாம், தியேட்டர்ல அடங்கி இருக்கணும். நான்தான் தலகீழா சொல்லிக் குடுத்துட்டேன்."

மறுநாள் காலையில் கார்த்திகேசு வாசலை அடைத்துப் பாயில் படுப்பதற்குள் அவள் வெளியே வந்துவிட வேண்டியிருந்தது. பஸ்ஸில் தனியாகப் போவது கை குறைந்த மாதிரி இருந்தது. கடையில் வேலை ஓடவில்லை. ஒரு கால்சட்டையின் இரண்டு காலையும் சேர்த்துத் தைத்துவிட்டாள். சந்திரிகா அக்கா அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"இத யாரு போடுறது, கடல்கன்னியா?"

"பிரிச்சிடுறேன்க்கா."

"வீட்டுக்கு ஒரு கால் போடு. போட்டுக் கேளு. இல்லன்னா இன்னிக்கு எத்தனப் பிள்ளைங்களுக்குக் கால் இல்லாம போவப் போவுதோ."

"மணிச் சத்தத்துல அவர் முழிச்சிட்டா?"

"முழிச்சா முழிச்சாருன்னு தெரிஞ்சி போவுது. போடு."

குமுதா எண்ணை அழுத்தினாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அவன் தூங்கவில்லை, இரவு லோரி ஏறப்போகிறான் என்று ஒரு மனது சொன்னது. பாயைத் தாண்டிப் பிள்ளைகள் ஆற்றுக்கே போய்விட்டார்கள் என்று இன்னொரு மனது சொன்னது. அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

"அலோ!"

ஃபோனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. கவித்திரா.

"பாப்பா, அப்பா எங்க?"

"தூங்குறாரு!"

"நெசமா தூங்குறாரா, கண்ண மூடிக்கிட்டுப் படுத்திருக்காரா?"

"வாயத் தொறந்துக்கிட்டுத் தூங்குறாரு! அண்ணன் ரெண்டு தடவ அவரு மேல தாண்டிட்டான், எழுந்திரிக்கல! ஃபோன் அடிச்சுதே, அதுக்கும் எழுந்திரிக்கல! இருங்க, கேளுங்க!"

ஃபோன் எங்கேயோ உரசியது. பிறகு குறட்டை வந்தது. ஃபெரி கரையில் முட்டும்போது அடியிலிருந்து வருமே, அந்த மாதிரி ஆழமான, அவசரமில்லாத உறுமல். அதற்கு மேலே கோகுலன் யானையாகப் பிளிறினான். உறுமல் ஒரு கணமும் தடைபடவில்லை.

"கேக்குதாம்மா?"

பக்கத்துக் கடையில் செருப்புத் தைப்பவருக்கே கேட்டிருக்கும். அவர் சுத்தியலை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

"கேக்குது!" என்றாள் குமுதா, அவளும் சத்தமாக.